கயிறு கைமாறும் நேரம்

"புடிச்சுட்டீங்களாங்க?" என்று சென்னிமலை கேட்டபோது நந்தகோபால் தலையை ஆட்டினான். சென்னிமலை கயிற்றை விடவில்லை. "தலைய ஆட்டுனா ஆகாதுங்க. வாயில சொல்லோணும்."

"புடிச்சுட்டேன்."

"அப்ப நான் உடறேனுங்க," என்றவர், சொன்ன பிறகும் ஒரு நொடி வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார். ஏதோ கோயில் சொத்தை ஒப்படைக்கிற மாதிரி இத்தனை சடங்கா என்று நந்தகோபாலுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கயிற்றின் மறுமுனை பதினெட்டு அடிக்குக் கீழே, அந்தச் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிக்குள், சேறு தள்ளிக்கொண்டிருந்த குப்புராஜின் இடுப்பில் இருந்தது. அதே இடுப்பில், முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி, நந்தகோபால் எழுதிய நிரலைச் சுமந்துகொண்டு சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியும் இருந்தது. தொட்டிக்குள் விஷவாயு ஓர் அளவுக்கோட்டைத் தாண்டினால் அது அலறும், அலறினால் ஆள் ஏணியேறி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கோயம்புத்தூரில் அவன் கம்பெனிக்காரர்கள் மூன்று மீட்டிங் போட்டு அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார்கள். பட்டறையில் அந்தப் பெயர் அரை நாள்கூடத் தாங்கவில்லை, 'மணி' ஆகிவிட்டது. மணிதான் வந்துவிட்டதே, மேலே ஓர் ஆள் சும்மா எதற்கு நிற்கிறான் என்று சூப்பர்வைசர் சென்னிமலையை மோட்டார் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். ஆளில்லாமல் கயிறு கிடக்கக் கூடாது, கீழே இருப்பது என் அக்கா மகன் என்று சென்னிமலை அடம்பிடித்ததில், சோதனை பார்க்க வந்த இன்ஜினியர் நந்தகோபாலின் கைக்குக் கயிறு வந்து சேர்ந்தது. போகும்போது சென்னிமலை சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஒருக்கா இழுத்தா எப்படி இருக்கேன்னு கேக்கறதுங்க. அவன் ரெண்டு தரம் இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். நீங்க மூணு தரம் இழுத்தா மேல வாடான்னு. ஊதுகாத்து மெசின் சத்தத்துல கூப்புட்டாக் கேக்காதுங்க, கயிறுதான்."

அவர் போய் இரண்டு நிமிஷம் இருக்கும், சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தான். ஆபீசிலிருந்து ஹேமலதா. அவனுக்கு அடுத்த நாற்காலி, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம், சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். "நந்துண்ணா, சொல்ல மறந்துட்டேன். கடைசி ஃபைல்ல இருந்த பிரிண்ட் லைன் எல்லாம் நேத்து சாயந்திரமே எடுத்துட்டேன். மொத்தம் நாற்பத்தொண்ணு. உங்க ரூல்படி ஒண்ணுகூட விடல." பிரிண்ட் லைன் என்பது நிரல் எதுவரை ஓடியது என்று பார்த்துக்கொள்ள நடுவே போட்டு வைக்கும் வரி, கருவி வெளியே போகுமுன் எடுத்துவிட வேண்டும். சேதியின் கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை. அவனும் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பப் போனான், விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. நாற்பத்தொன்று. ஒன்றுகூட விடவில்லை. ஒன்றுகூட என்றால் அதுவும்தானே. அதுவும்தான். 'இங்கே வந்தாச்சு' என்று அவன் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்த அந்த ஒற்றை வரி, திரையில் அச்சாவதைத் தவிர வேறொரு வேலையும் செய்யாததுபோல் உட்கார்ந்திருந்த வரி. காலையில் எட்டரைக்கு அந்தக் கடைசி ஃபைலைத்தான் தன் கையாலேயே கருவியில் ஏற்றி, பையில் போட்டு, பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்திருந்தான்.

இல்லை, பதற வேண்டாம், ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்று நினைத்தான், நினைத்ததுமே ஒழுங்கு போய்விட்டது. முதலில் பேட்டரி. எல்லாம் அந்தப் பேட்டரியால் வந்தது. ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது, ஒரு ஷிப்டாவது தாங்க வேண்டும் என்றார்கள். சரி, வாயு இல்லாத நேரத்தில் கருவி தூங்கட்டும், வாயுவை மோப்பம் பிடிக்கிற சென்சார் மட்டும் அரைக்கண் திறந்து கிடந்து, கோட்டைத் தாண்டினால் கூப்பிடட்டும் என்று அவன்தான் சொன்னான். சென்சாருக்கும் மற்ற நிரலுக்கும் நடுவே நிற்கும் டிரைவர் என்கிற நிரல் துண்டை எழுதுவது அவன் வேலை. யாராவது கூப்பிட்டார்களா என்று டிரைவர் பார்க்கும். இல்லையென்றால் கரண்டைக் குறைத்துக்கொண்டு படுத்துவிடும். பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் சென்சார் கூப்பிட்டுவிட்டால், பார்த்து முடித்தாயிற்று என்று டிரைவர் அதைத் துடைத்துவிட்டுப் படுத்துவிடும். சென்சாரோ, கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் ஒரே ஒருமுறைதான் கூப்பிடும், தாண்டியபின் வாயு தலைக்கு மேலே போனாலும் வாய் திறக்காது, நான்தான் சொல்லியாயிற்றே என்று இருந்துவிடும். நான் பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை என்று டிரைவர் தூங்கும். இரண்டின் மேலும் தப்பில்லை. நடுவில் நிற்கிறவன் செத்துப்போவான். கடைசிச் சொல் தானாக வந்துவிட்டது. கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான். தேங்காய் நார் உள்ளங்கையை அறுத்தது.

இதைச் சரிசெய்யத் தெரியாதா என்றால் தெரியும், நன்றாகவே தெரியும். முதலில் எழுப்புவதற்கு ஆள் ஏற்பாடு பண்ணிவிட்டு, அப்புறம் இன்னொருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் படுக்க வேண்டும். படுத்துவிட்டேன் என்பதற்கும் விழித்திருக்கிறேன் என்பதற்கும் நடுவே யாராவது ஒருவர் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதே விஷயத்தைப் போன வருஷம் வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு ஒரு மணி நேரம் பேசியவன் அவன். ஆனால் இந்தச் சிப்பில் அந்த வரிசையை மாற்றப் போனால் வேறு எங்கோ இடித்தது, அங்கே சரிசெய்தால் இங்கே இடித்தது, மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். முந்நூறு தடவைக்கு ஒருமுறை மணி அடிக்காமல் போகிறது, எங்கே என்று தெரியவில்லை. எங்கே என்று பார்க்கத்தான், வேறு எதற்குமில்லை, பார்க்கத்தான் அந்த வரியைப் போட்டான். 'இங்கே வந்தாச்சு.' போட்டதும் பிரச்சினையே காணாமல் போய்விட்டது. அந்த வரி அச்சாகிற நாலு மில்லி விநாடித் தாமதத்தில், சந்துக்குள் வர வேண்டிய கூப்பாடு சந்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, டிரைவர் பார்க்கும்போது கண்ணில் படுகிறது. வெள்ளிக்கிழமை ஓட விட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தான். ஒன்பதாயிரம் தடவை, ஒன்றுகூடத் தவறவில்லை. இது மருந்தில்லை, வலி தெரியாமல் இருக்கிற தைலம் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த மாதம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று விட்டான். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். 'இதை எடுக்காதே' என்று இரண்டே சொல். எழுதியிருந்தால் ஹேமலதா தொட்டிருக்க மாட்டாள். ஏன் எழுதவில்லை? வெட்கம். எழுதினால் படிப்பார்களே, படித்தால் நந்தகோபாலா இப்படி ஒட்டுப்போட்டான் என்பார்களே. பன்னிரண்டு வருஷ அனுபவம், ரிலீசுக்கு முன்னால் பிரிண்ட் வரிகளை எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டவன், தன் வரிக்கு மட்டும் எப்படி விலக்குக் கேட்பது. சட்டத்தை அந்தப் பெண் நிறைவேற்றிவிட்டாள். சிரிப்புப் பொம்மையும் போட்டுவிட்டாள்.

குனிந்து பார்த்தான். தொட்டியின் வாய் வழியாக வெளிச்சம் ஒரு சதுரமாகப் போய்க் கீழே விழுந்திருந்தது. குப்புராஜ் அந்தச் சதுரத்தைத் தாண்டி, தென்மூலைக்குப் போய்விட்டான். கயிறு மட்டும் அந்த இருட்டுக்குள் போய் வளைந்தது. அழுகின முட்டை நாற்றம் அவன் வந்தபோது இருந்தது, இப்போது இல்லை. நல்லதுதான் என்று நினைத்தான், நினைத்த கணமே இல்லை என்று பட்டது. அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் அடைக்கும், நாற்றம் இல்லாமல் போவது நல்ல சேதி அல்ல என்று அவனே விளக்கப் புத்தகத்தில் எழுதியிருக்கிறான், பக்கம் ஏழு. அல்லது பழகிப்போயிருக்கலாம். எது என்று எப்படித் தெரியும். இறங்கும் முன் காற்றைப் பரிசோதித்தார்களே, சுத்தமாகத்தானே இருந்தது. ஆனால் சேற்றைக் கிளறக் கிளறத்தானே அடியில் அடைந்து கிடப்பது மேலே வரும். அதற்காகத்தானே மணி. மணி நன்றாகத் தூங்குகிறதா, செத்துத் தூங்குகிறதா என்று மேலே இருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. பத்து விநாடிக்கொருமுறை மினுங்குகிற பச்சை விளக்கு தனியாக ஓடுவது, டிரைவர் மண்டையைப் போட்டாலும் மினுங்கும். தண்ணீர் புகக்கூடாது என்று பொத்தானே வைக்கவில்லை. கான்கிரீட்டைத் தாண்டி சிக்னல் வராது. எல்லா வாசலையும் ஒன்றொன்றாக அவனே பூசி அடைத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

ஒருமுறை இழுத்தான். கயிறு சும்மா இருந்தது. அப்புறம் இரண்டு முறை, விடுக் விடுக்கென்று, திடமாக. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவனுக்கு. நல்லாருக்கேன். சரி. மேலே கூப்பிட்டுவிடலாமா? மூன்று இழுப்பு, அவ்வளவுதானே. ஏன் சார் என்பான். என்ன சொல்வது. ஒரு வரி எடுத்துவிட்டார்கள் என்றா. சூப்பர்வைசர் வருவார், கம்பெனிக்குப் போன் போகும், நாற்பது கருவி ஆர்டர், மூன்று மாதமாக இதற்காக நாய்போல் அலைந்த விற்பனைக்காரர்கள். முந்நூறில் ஒன்றுதானே, இன்றைக்கே வந்துவிடுமா. அதுவும் வாயு தாண்ட வேண்டும், தாண்டுகிற கணம் சந்துக்குள் விழ வேண்டும், அப்படிப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஒருமுறை படுத்து எழுகிறது, கணக்குப் பண்ணினால், கணக்குப் பண்ண வேண்டாம். படுக்கப் போகும் முன் சென்சார் கடைசியாக ஒரு மோப்பம் பிடிக்குமே, அந்த மோப்பத்தின் கூப்பாடுதான் சந்துக்குள் வந்து விழுவது, அது வெறும் தற்செயலில்லை, தவறினால் அங்கேதான் தவறும். இன்னும் பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் அவனே ஏறிவிடுவான். அவன் நன்றாக இருக்கிறான், இரண்டு தரம் இழுத்தானே. இழுத்தபோது நன்றாக இருந்தான். இழுத்து முடித்தபின்? அந்தச் சந்து இங்கேயும் இருந்தது. கேட்கிற கணத்துக்குத்தான் பதில், அடுத்த கணத்துக்கு மறுபடி கேட்க வேண்டும், அதற்கடுத்த கணத்துக்கு மறுபடி.

ஜவுளிக்கடை ஞாபகம் ஏன் இப்போது வர வேண்டும் என்று தெரியவில்லை, வந்தது. போன தீபாவளிக்கு, ஒப்பணக்காரத் தெருவில், மூன்றாவது மாடி, சுடிதார் பக்கம். மனைவி கல்பனா துணியைப் போட்டுப் பார்க்க உள்ளே போனாள். குழந்தை அவளோடு போய்விட்டது என்று இவன் நினைத்தான், இவனிடம் நிற்கிறது என்று அவள் நினைத்தாள். "பாத்துக்கோ" என்று அவள் சொன்னாளாம், இவன் "ம்" என்றானாம். போனைப் பார்த்துக்கொண்டே சொன்ன அந்த 'ம்' அவனுக்கு ஞாபகமே இல்லை. நாலு நிமிஷம். அவள் வெளியே வந்து "யாழி எங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள், அவனும் சாதாரணமாக "உங்கூட வரலையா?" என்றான், அதற்குப் பிறகு இருவர் முகத்திலும் இருந்தது எதுவும் சாதாரணமாக இல்லை. குழந்தை ஒரு துணித் தொங்கலுக்கு அடியில், விலைச்சீட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். அழாததால் கடை முழுக்க எல்லோரும் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு துணி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கல்பனா திட்டவில்லை, அதுதான் அதைவிட மோசம். "இனிமே வாயத் தொறந்து சொல்லு, நான் வச்சிருக்கேன்னு" என்றாள். இரண்டு நாள் சொன்னான். அப்புறம் விட்டுப்போயிற்று.

இழுத்தான். கயிறு சும்மா இருந்தது. எண்ணினான், ஐந்து, ஆறு, ஏழு. ஒருமுறை இழுபட்டது. ஒன்றா? ஒன்று என்றால் கேள்வியல்லவா, அவன் என்னைக் கேட்கிறானா, இல்லை இரண்டாவது வரவில்லையா, இல்லை வந்து எனக்குத் தெரியவில்லையா. கயிறு தொட்டியின் விளிம்பில் உராய்கிறது, அந்த உராய்வே ஓர் இழுப்பைத் தின்றிருக்கலாம். மறுபடி இழுத்தால் அவன் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிற நேரத்தில் இரண்டாவது கேள்வி போய்விடும், எது எதற்குப் பதில் என்று குழம்பிவிடும். காத்திருந்தான். காத்திருந்ததும் தப்பு என்று தோன்றியது. ஊதுகாற்று இயந்திரம் உலகத்தில் வேறு சத்தமே இல்லாதபடி இரைந்துகொண்டிருந்தது. மணி அடித்தாலே இந்த இரைச்சலில் எனக்குக் கேட்குமா? கேட்கும், நூறு டெசிபல். அடித்தால் கேட்கும். மறுபடி இழுத்தான்.

ஒன்றுமில்லை.

கை தானாக வேலை செய்தது, புத்தி பின்னால் ஓடி வந்தது. மூன்று இழுப்பு, மறுபடி மூன்று, அப்புறம் எண்ணிக்கையெல்லாம் போய் வெறும் இழுப்பு. கயிறு விறைத்து நின்றது, அந்தப் பக்கம் ஒரு கனம், கல்போல, அசையாத கனம். "குப்புராஜ்" என்று கத்தினான், இயந்திரம் அதை அப்படியே விழுங்கியது. "சென்னிமலையண்ணா" என்று மோட்டார் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினான், கயிற்றை விடாமல் அங்கே ஓட முடியாது, விட்டால் யார் பிடிப்பது, விடாமல் இருந்தால் யார் தூக்குவது, தனியாக ஓர் ஆளைத் தூக்க அவன் கையில் தெம்பில்லை, பன்னிரண்டு வருஷம் விசைப்பலகை தட்டிய கை. நிரலில் என்றால் இந்த இடத்தில் ஒரு பெயர் உண்டு, அவன் இவனுக்காகவும் இவன் அவனுக்காகவும் காத்து நின்று இருவரும் நின்றே போவது, அதற்கும் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறான். கடவுளே என்றான். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவன். கயிறு சட்டென்று தளர்ந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டதா, அறுந்துவிட்டதா, எதுவென்று நினைப்பதற்குள் ஏணியின் இரும்பு அதிர்ந்தது. ஒரு கம்பி. அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு கம்பி. பிறகு வெளிச்சச் சதுரத்துக்குள் சேறு பூசிய ஒரு தலை வந்தது.

மோட்டார் அறையிலிருந்து எட்டிப் பார்த்த சென்னிமலை ஓடி வந்து குப்புராஜின் கக்கத்தில் கைகொடுத்து மேலே ஏற்றினார். குப்புராஜ் தரையில் உட்கார்ந்து இருமினான். இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தன. சென்னிமலை சொம்புத் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தார்.

"என்றா ஆச்சு?"

"கண்ணு எரிஞ்சுது மாமா. ரொம்ப நேரமாவே எரிஞ்சுது. தலை ஒரு மாதிரி கிறுகிறுன்னு வந்து செவுத்தப் புடிச்சு நின்னுட்டேன், சார் இழுத்தது தெரியுது, கை வரல." மூச்சு வாங்கிக்கொண்டு நந்தகோபாலைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "முன்னெல்லாம் கண்ணு எரிஞ்சா அப்பவே ஏறிருவமுங்க சார். இன்னிக்கு மணி அடிக்கலீங்களா, செரி நமக்குத்தான் என்னமோன்னு நின்னுட்டேன்."

குப்புராஜின் இடுப்பில் பச்சை விளக்கு மினுங்கியது. அதற்குள் சூப்பர்வைசரும் வந்துவிட்டார். "என்னங்க சார், மணி அடிச்சுதா?"

"இல்ல. அடிச்சிருக்கணும். அடிக்கல. இது தூங்கிருச்சு, நான் எழுதினதுல ஒரு..." என்று ஆரம்பித்தான். ஒரு என்பதற்குமேல் தமிழில் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை.

"அடிக்கலீன்னா காத்து நல்லாருக்குதுன்னு அர்த்தம்னு நீங்கதான சார் காலைல சொன்னீங்க? வெயிலுக்குக் கிறுகிறுத்திருக்கும்." அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "பாதி கெடக்குது. ஒரு டீ குடிச்சுட்டு எறங்கட்டும். சென்னிமலை, சார்கிட்ட கயித்த வாங்கிக்க, அவரு ரிப்போர்ட் எழுதோணும்."

"எறங்க வேண்டாங்க," என்றான் நந்தகோபால். மெல்லச் சொன்னது அவன் காதுக்கே கேட்கவில்லை, இயந்திரம் இரைந்தது. குப்புராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் மணி சரியாக மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.

சென்னிமலை வந்து கயிற்றில் கை வைத்தார். "நான் புடிச்சுட்டேனுங்க. நீங்க உடலாம்."

நந்தகோபால் விடவில்லை.

"வாயில சொல்லிட்டேனுங்களே சார். புடிச்சுட்டேன். உடுங்க."

இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விட்டால் குப்புராஜ் இறங்கிவிடுவான்.